பூஜ்யம் என்றால் இடதுபக்கம்

அந்த வாரம் எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான ஒரு பழைய ஸ்டியரிங்கை என் லேப்டாப்போடு பேச வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்" என்று சொன்னவள் நான்தான். நான் மறந்தாலும் வீட்டில் யாரும் மறக்கப்போவதில்லை.

ஸ்டியரிங் எனக்கு இல்லை. என் தம்பி சந்திரனுக்கு.

சந்திரன் கொட்டகலை ஸ்டேஷன் வாசலில் த்ரீவீலர் ஓட்டுகிறவன். பனிமூட்டத்தில் முன்னால் போகிற பஸ்ஸே தெரியாத நாளிலும் ஹட்டன் போய்த் திரும்புவான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் அவனை வேன் டிரைவராக எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் அவனிடம் இருந்தது த்ரீவீலர் லைசன்ஸ் மட்டும். வேன் லைசன்ஸுக்கான ட்ரயலுக்கு இரண்டு தடவை போனான். இரண்டு தடவையும் பெயில்.

முதல் தடவை கியர். த்ரீவீலரில் கியர் இடது கையில் இருக்கிறது. கைப்பிடியை முறுக்கினால் மாறும். வேனில் ஏறி உட்கார்ந்ததும் இவன் கை பழக்கதோஷத்தில் ஸ்டியரிங்கை முறுக்கியது. கியர் மாறவில்லை. திசை மாறியது.

இரண்டாவது தடவை இருக்கை. த்ரீவீலர்காரன் வண்டிக்கு நட்டநடுவில் உட்கார்ந்து ஓட்டுகிறவன். வேனில் வலது ஓரம். உடம்பு வலது ஓரத்தில் உட்கார்ந்தது, மனசு மட்டும் நடுவிலேயே இருந்தது. ரொம்ப ஒழுங்காகப் போகிறோம் என்ற நினைப்பில் இடது சக்கரம் இரண்டையும் கானில் இறக்கிவிட்டான். கான் என்றால் எங்கள் பக்கத்து ரோட்டோரச் சாக்கடை. ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு ஆழம்.

"டெஸ்ட் எடுத்த சேர் ஒண்ணுமே சொல்லலக்கா," என்றான் வீட்டுக்கு வந்து. "அவரு பக்கத்துக் கதவைத் தொறக்க முடியல. என் மடி மேல ஏறித்தான் எறங்கிப் போனாரு."

ஹோட்டல் மேனேஜர் மாசக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பேன், அப்புறம் வேற ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது ட்ரயலும் அந்த மாசக் கடைசியில்தான் கிடைத்தது.

"கதவு இருக்கிற வண்டி ஒண்ணு ஓட்டணும்க்கா," என்றான் சந்திரன். "த்ரீவீலர்ல சாரல் உள்ளுக்கு வந்துக்கிட்டே இருக்கும். எனக்கு இந்த வலது முட்டி காய்ஞ்சு எத்தனையோ வருஷமாச்சு."

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கவலைப்படாத. நான் ஒரு ஏற்பாடு பண்றேன்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயசில் கொட்டகலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம், அப்புறம் கண்டியில் இங்கிலீஷ் ஸ்கூல், அப்புறம் இங்கிலாந்து. அங்கே நூலகங்களுக்குப் புத்தகம் தேடித்தரும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். போன வருஷம் திரும்பி வந்து தம்பி வீட்டு மேல்மாடியில் இருக்கிறேன். "ரெண்டு பாஷையில படிச்ச பொம்பள" என்று பஜாரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்கு நேர்ந்ததைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்பாடு இதுதான். சாதாரண விளையாட்டு ஸ்டியரிங்கை நாம் திருப்பினால் அது திரும்பும், அதோடு சரி. ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று ஒரு ரகம் இருக்கிறது. அதற்குள் மோட்டார் இருக்கும். வளைவில் கையை எதிர்த்து இழுக்கும். குழியில் விழுந்தால் உதறும். ரோட்டில் நடப்பதைக் கைக்குச் சொல்லும். நிஜ வேனில் பழக, டிரைவிங் சொல்லிக் கொடுக்கிற லேனர்ஸ்காரர்கள் வாரத்துக்கு அரை மணி நேரம்தான் கொடுக்கிறார்கள். வீட்டிலேயே ஒரு ஸ்டியரிங் இருந்தால் நாள் முழுக்கப் பழகலாமே.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக ஒன்று வந்து சேர்ந்தது. யாரோ பாவித்துக் கழித்தது. பெடல் இல்லை. விளக்கப் புத்தகம் இல்லை. கம்பெனிப் பெயர்கூட உரிந்துபோயிருந்தது. கரண்ட் வயர் ஒன்று, யூ.எஸ்.பி. வயர் ஒன்று.

லேப்டாப்பில் செருகினேன். நான் திருப்பியது திரையில் தெரிந்தது. ஆனால் உள்ளே இருந்த மோட்டார் அசையவில்லை. என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். இந்த ஸ்டியரிங்கைச் செய்தவர்கள் லினக்ஸ்காரர்களை நினைத்தே பார்க்கவில்லை. லேப்டாப் சொல்வதை மோட்டாருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு புரோகிராம் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர்.

"டிரைவர் ஒண்ணு எழுதணும்," என்றேன்.

சந்திரனின் மனைவி மகேஸ் தேங்காய் துருவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "எழுதியே டிரைவர் ஆகிடலாம்னா, இவரு ஏன் அண்ணி ரெண்டு தடவை கான்ல விழுந்தாரு?"

"ஒரு தடவைதான்," என்றான் சந்திரன்.

நான் மேலே போய் எழுத உட்கார்ந்தேன்.

நூலகத்துக்குப் புத்தகம் தேடுகிற புரோகிராமுக்கும் மோட்டார் ஓட்டுகிற புரோகிராமுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முதலாவதில் தப்பு வந்தால் சமையல் புத்தகம் கேட்டவருக்குச் சரித்திரப் புத்தகம் வரும். அவர் கொஞ்ச நேரம் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பார். இரண்டாவதில் தப்பு வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவம் இல்லை.

தோண்டித் துருவிப் பார்த்ததில் விஷயம் எளிதாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்குக்கு ஒரு எண் அனுப்ப வேண்டும். பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரைக்கும் எதுவானாலும் சரி. இருநூறு அனுப்பினேன். வலது பக்கம் மெதுவாக இழுத்தது. இருநூற்று ஐம்பது அனுப்பினேன். பலமாக இழுத்தது. உடனே கரண்டைப் பிடுங்கிவிட்டு, எண் கூடினால் பலம் கூடும் என்று முடிவு கட்டினேன். அப்படியானால் பூஜ்யம் அனுப்பினால் நின்றுவிடும். இதையெல்லாமா சோதித்துப் பார்ப்பார்கள்? பூஜ்யம் பூஜ்யம்தானே.

கீழே இறங்கி வந்தேன்.

"இன்னிக்கு மத்தியானம் ஓட்டிப் பார்ப்போம்."

ஸ்டியரிங்கை எதிலாவது கவ்வ வைக்க வேண்டும். அதன் கிளாம்புக்குத் தாங்கும் அளவுக்குத் தடித்த பலகை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மகேஸ் ஒரு தையல்காரி. முன்னறையில் இருக்கும் அவளுடைய கால் மெஷின் பலகை.

"கொஞ்ச நேரம் குடு மகேஸ்."

"சாரி ஒண்ணு பாதியில நிக்குது அண்ணி. ஃபோல் தைச்சுக்கிட்டிருக்கேன். ஸ்கூல் பெரிய மிஸ்ஸோடது. அதைத் தொடாதீங்க."

"தொடவே மாட்டோம்."

அவள் அடுப்படிக்குப் போனாள். பெரிய மிஸ்ஸின் நீலச் சாரி ஊசிக்குக் கீழே இருந்தது. முந்தானை மேசை முனையில் தொங்கியது. கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் நல்லது என்று தோன்றியது. ஆனால் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

சந்திரன் உட்கார்ந்தான். எங்கள் ஊரில் த்ரீவீலர்காரன் மப்ளர் இல்லாமல் வெளியே வரமாட்டான். வீட்டுக்குள்ளும் கழட்டமாட்டான். மப்ளரின் ஒரு முனை மேசை மேல் கிடந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தான். கால் இரண்டையும் எங்கே வைப்பது என்று தேடி, தையல் மெஷின் மிதியில் வைத்துக்கொண்டான்.

"பிரேக் எங்கக்கா?"

"இப்போதைக்குப் பிரேக் இல்ல. இது கைக்கு மட்டும்தான்."

"சரி."

நான் இருநூறு அனுப்பினேன். ஸ்டியரிங் அவன் கைக்குள் மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படியொரு சிரிப்பு.

"உசிரோட இருக்குக்கா இது."

"இரு, நிறுத்துறேன்."

பூஜ்யம் அனுப்பினேன்.

ஸ்டியரிங் அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் சுற்றியது. சும்மா இல்லை, வெறியோடு சுற்றியது. சுற்றும்போதே தொங்கிக்கொண்டிருந்த முந்தானையையும் பிடித்துக்கொண்டது.

"அக்கா, இழுக்குது."

"நிறுத்திட்டேன்டா."

"நீ நிறுத்துன பிறகுதான் இழுக்குது."

"அப்படி இருக்காது."

அவன் பயத்தில் பிரேக்கை மிதித்தான். அவன் காலுக்குக் கீழே இருந்தது தையல் மெஷின். ஊசி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. முன்னால் ஸ்டியரிங் சாரியை இழுக்கிறது, பின்னால் மெஷின் அதைத் தைத்துக்கொண்டே வருகிறது. இரண்டும் கூட்டுச் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி அவ்வளவு ஒற்றுமை.

நான் மறுபடி இருநூறு அனுப்பினேன், முந்தானை கழன்று வரட்டும் என்று. ஸ்டியரிங் வலது பக்கம் பாய்ந்தது. "இப்ப நிக்கும் பாரு" என்று பூஜ்யம் அனுப்பினேன். இடது பக்கம் பாய்ந்தது. இப்படி நான் மாற்றி மாற்றி அனுப்ப, மேசை முன்னறையின் வழுவழுப்பான சிமெந்துத் தரையில் சின்னச் சின்ன அடி வைத்து வாசல் பக்கம் நடக்கத் தொடங்கியது. சந்திரனும் முக்காலியோடு கூடவே நகர்ந்தான்.

"நீ காலை எடுடா."

"பிரேக்கை விட்டா அடிச்சிரும்க்கா."

"எதுல அடிக்கும்? நீ வீட்டுக்குள்ள இருக்க."

"எதுலயாவது அடிக்கும்."

புரோகிராமையே மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் ஒழுங்காக வேலை செய்கிறவள். எந்தப் புரோகிராம் எழுதினாலும் மூடும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூடும்படி எழுதுவேன். இதிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். மூடுவதற்கு முன் கடைசியாக, மரியாதையாக, ஒரு பூஜ்யம் அனுப்பிவிட்டு மூடும்.

மூடியது. லேப்டாப் திரையில் எல்லாம் அமைதி. ஸ்டியரிங் மட்டும் கடைசியாகக் கேட்ட வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் முறுக்கிக்கொண்டே நின்றது. லேப்டாப் மூடியையும் சாத்திப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை.

அப்போதுதான் மகேஸ் அடுப்படியிலிருந்து வந்தாள். பார்த்தாள். நேரே சுவர் ஓரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

எல்லாம் நின்றது. அடுப்படியில் ரைஸ் குக்கரும் நின்றது.

"இங்கிலாந்துலயும் இப்படித்தான் நிறுத்துவாங்களா அண்ணி?"

சந்திரன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. அவனுடைய மப்ளர் பெரிய மிஸ்ஸின் சாரியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கழுத்து மப்ளருக்குள் இருந்தது. மேசைக்கு முன்னால் சாமி கும்பிடுகிற மாதிரி குனிந்தபடியே இருந்தான்.

"தொடவே மாட்டோம்னு சொன்னீங்க," என்றாள் மகேஸ்.

"நாங்க தொடல மகேஸ்."

"அது தெரியுது. நல்லாவே தைச்சிருக்கு. இவ்வளவு நெருக்கமா எனக்கே தையல் விழாது."

மப்ளரைத் தலை வழியாகக் கழற்றலாமே என்று சந்திரன் கேட்டான். "அசையாதீங்க, சாரி கிழியும்," என்று மகேஸ் பிளேடை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பிரிக்க உட்கார்ந்தாள். அவன் குனிந்தபடியே, "அக்கா, நீ எழுதினதுல எங்கயோ ஒரு சின்னப் பிழை இருக்கும் போல," என்றான். அந்தச் "சின்ன" என்ற வார்த்தைக்காக அவனுக்கு நான் இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவள் பிரித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தேன். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் திருப்பினால் அது எனக்குப் பூஜ்யம் என்று சொல்லும். முழுக்க வலது பக்கம் திருப்பினால் இருநூற்று ஐம்பத்தைந்து. நடுவில் விட்டால் நூற்று இருபத்தெட்டு. இது எனக்கு முதல் நாளே தெரியும். அது எனக்குப் பேசும் பாஷையில்தான் நானும் அதற்குப் பேச வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. சும்மா இரு என்பதற்கு அந்த ஸ்டியரிங்கின் பாஷையில் நூற்று இருபத்தெட்டு. பூஜ்யம் என்றால் இடதுபக்கம். உன்னுடைய பலம் முழுவதையும் போட்டு இடதுபக்கம்.

அதாவது, "நிறுத்து, நிறுத்து" என்று நான் பதறிய ஒவ்வொரு தடவையும், "இழு, இன்னும் இழு" என்று அதற்கு உத்தரவு போட்டிருக்கிறேன். அது ஒரு தடவைகூட என் பேச்சை மீறவில்லை.

பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று நான் இரண்டு பாஷையில் படித்தவள். ஸ்டியரிங் இரண்டிலும் படித்ததில்லை.

திருத்தினேன். தையல் மெஷின் பக்கம் போவதற்கு எனக்கு நிரந்தரத் தடை விழுந்தது. ஸ்டியரிங் அடுப்படி ஜன்னல் பலகைக்குப் போனது. லேப்டாப்பை மாவு டின் மேல் வைத்தோம். இலவசமாகக் கிடைக்கிற ஒரு கார் விளையாட்டை எடுத்து, ரோட்டைக் கொஞ்சம் ஒடுக்கி, வளைவைக் கூட்டி, எங்கள் ஊர் ரோடு மாதிரி ஆக்கினேன்.

இப்போது என் மூளை வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கியது. இவனுடைய பிரச்சினை இடது பக்கம். வேனின் இடது பக்கம் எங்கே முடிகிறது என்று இவன் மனசுக்குத் தெரியவில்லை. சரி, மனசை விடு. கைக்குச் சொல்லிக் கொடுப்போம். வண்டியின் இடது சக்கரம் கான் பக்கம் நெருங்கினால் ஸ்டியரிங் நடுங்க வேண்டும். நெருங்க நெருங்க நடுக்கம் கூட வேண்டும். கானில் இறங்கினால் பல்லுக்குப் பல்லு அடிக்க வேண்டும்.

அதை எழுதி முடித்தபோது எனக்கு என்மேல் வந்த பிரியம் சொல்லி மாளாது.

கியருக்கு மகேஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய பெயின்ட் வாளியில் மணலைக் கொட்டி, நடுவில் மோர் கடைகிற மத்தைத் தலைகீழாக நட்டாள். அதை இவன் இடது பக்கம் வைத்தாள். டெஸ்ட் எடுக்கிற சேர் வேலையையும் அவளே ஏற்றுக்கொண்டாள். பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி சிங்களத்தில் கட்டளை போடுவாள்.

"வமட்ட." இடது பக்கம்.

சந்திரன் திருப்புவான்.

"கியர்."

மத்தைப் பிடிக்காமல் ஸ்டியரிங்கை முறுக்குவான்.

"பெயில். எறங்கிப் போய் தண்ணி புடிச்சிட்டு வாங்க."

"டெஸ்ட் சேர் தண்ணி புடிக்கச் சொல்ல மாட்டாரு."

"எதுத்துப் பேசினதுக்கு இன்னொரு வாளி."

நாலைந்து நாளில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. அதற்குப் பிறகு வாளிக்கு வேலை குறைந்தது. கை தானாகவே மத்தைத் தேடிப் போனது. கான் பக்கம் போனால் ஸ்டியரிங் நடுங்கும், உடனே அவன் கை வலது பக்கம் ஒதுங்கும். திரையைக்கூடப் பார்க்காமல் ஒதுங்குவான்.

"யோசிக்கவே வேண்டியதில்லக்கா. நடுங்கிச்சுன்னா கை தானா வெலகுது."

"அதுதான்டா ஃபோர்ஸ் ஃபீட்பேக்," என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

ட்ரயலுக்கு நுவரெலியாவுக்கு நானும் கூடப் போனேன். சும்மா ஒரு தைரியத்துக்கு என்று சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் பாராட்டு வாங்குவதற்குத்தான் போனேன்.

விடாத தூறல், மூட்டம், குளிர். மைதானத்து ஓரத்தில் பிளேன்டிக் கடை, பால் போடாத தேநீர். அங்கே லேனர்ஸ் மாஸ்டர் நிமல் நின்றுகொண்டிருந்தார். சிங்களவர், எங்கள் பக்கமே வளர்ந்ததால் தமிழும் பேசுவார். அவருடைய வேனைத்தான் ட்ரயலுக்குக் கொடுப்பார். அந்த வேனை அன்றைக்குத்தான் நான் முதல் தடவை பார்க்கிறேன். என் வயசு இருக்கும் போலத் தெரிந்தது.

சந்திரன் ஏறினான். டெஸ்ட் எடுக்கிற சேர் இடது பக்கம் ஏறி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். போன தடவை மடி ஏறி இறங்கிய அதே சேர்.

சாவியைத் திருப்பினான்.

வேன் நடுங்கியது. நின்ற இடத்திலேயே, தலை முதல் கால் வரைக்கும், குளிர்காய்ச்சல் கண்ட ஆள் மாதிரி நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது, கதவு நடுங்கியது. உள்ளே ஸ்டியரிங்கும் அதைப் பிடித்திருந்த என் தம்பியின் கையும் நடுங்கின.

நான் பிளேன்டியைக் கடைப் பலகையில் வைத்தேன்.

"மாஸ்டர், ஏன் உங்க வேன் இப்படி ஆடுது?"

"டீசல் இஞ்சின் மிஸ். பழசு. எப்பவும் அப்படித்தான்."

எனக்கு அது தெரியாது. ஏன் தெரியாது என்றால், நான் வாழ்க்கையில் வண்டி ஓட்டியதே இல்லை. என்னிடம் லைசன்ஸ் கிடையாது. இங்கிலாந்தில் இருந்த காலம் முழுக்க ரயிலில் போய் ரயிலில் வந்தவள். ஒரு வேனுக்குள் உட்கார்ந்தால் கைக்கு என்ன தெரியும் என்று, தெரியாத நான், தெரிந்த அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வேன் நடுங்கும் என்று சந்திரனுக்குத் தெரியும். அவன் அதில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அவன் கைக்கு மறந்துபோயிருந்தது. கை கடைசியாகப் படித்தது என்னிடம். என்னுடைய பாடத்தில் நடுக்கத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கான்.

தூரத்திலிருந்து பார்க்கிறேன். வேன் இன்னும் ஒரு அங்குலம் நகரவில்லை. சந்திரன் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான். நடுக்கம் நிற்கவில்லை. இன்னும் ஒடித்தான். நிற்கவில்லை. சேரிடம் ஏதோ சொன்னான். கதவைத் திறந்தான். இறங்கிவிட்டான்.

"மிஸ்," என்றார் நிமல் மாஸ்டர். "மல்லி எங்க போறான்?" மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"தெரியல மாஸ்டர்." தெரியும்.

"ட்ரயல் நடக்கும்போது எறங்க ஏலாது மிஸ். பெயில் போடுவாங்க. மூணாவது தடவை வேற."

சந்திரன் வேனைச் சுற்றி இடது பக்கம் போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

கதவு இருக்கிற வண்டி போயிற்று என்று நினைத்தேன். அவன் முட்டி காயாது. இனி எத்தனை மழைக்கு நனையுமோ, எல்லாம் என் கணக்கில்தான். பாராட்டு வாங்க வந்தவள் பிளேன்டிக் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன்.

டெஸ்ட் சேரும் இறங்கினார். கோபமாகத்தான் இறங்கினார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மொகத?", என்ன விஷயம், என்று சிங்களத்தில் கேட்டபடி வந்தார். சந்திரன் சக்கரத்துப் பக்கம் கையை நீட்டினான்.

சேர் குனிந்து பார்த்தார். அவரும் நிமிரவில்லை.

நிமல் மாஸ்டரும் நானும் ஓடினோம்.

இடது பின்சக்கரத்தை ஒட்டி, சைலன்சர் சூட்டுக்கு ஒண்டிக்கொண்டு, ஒரு பழுப்பு நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வால் டயருக்கு நேர் முன்னால் கிடந்தது. அத்தனை நடுக்கத்துக்கும் அது கண்ணைத் திறக்கவில்லை.

சேர் நாயைப் பார்த்தார். சந்திரனைப் பார்த்தார். திரும்ப நாயைப் பார்த்தார். ஃபைலால் தட்டி எழுப்பினார். அது மறுபக்கம் திரும்பிப் படுத்தது. கடைசியில் அந்த அரசாங்க உத்தியோகத்தரே சட்டைப் பையிலிருந்து கிரீம் பிஸ்கட் எடுத்து நீட்டிக் கூப்பிட்டதும்தான் அது எழுந்து வந்தது.

இரண்டு பேரும் மறுபடி ஏறினார்கள். வேன் நடுங்கிக்கொண்டே மூட்டத்துக்குள் போய் மறைந்தது.

நானும் மாஸ்டரும் இன்னொரு பிளேன்டி குடித்தோம். நாய் எங்கள் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

வேன் திரும்பி வந்தது. சேர் இறங்கினார், அவர் பக்கத்துக் கதவாலேயே. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்தது. சந்திரன் மெதுவாக நடந்து வந்தான்.

"பாஸ்க்கா."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சேர் என்ன சொன்னாரு?"

"எல்லாரும் ஏறி உக்காந்து கண்ணாடியத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பானுங்களாம். வண்டிய எடுக்க முன்னுக்கு எறங்கிச் சுத்திப் பார்த்தவன் நான் ஒருத்தன்தானாம். நாய் இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கை சொல்லிச்சுன்னு சொன்னேன்."

"டேய்."

"உண்மையத்தானேக்கா சொன்னேன். அவரு என் கையவே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாரு."

"ரோட்டுல எப்படி ஓட்டுன?"

"வேன் வழி முழுக்க நடுங்கிக்கிட்டே வந்திச்சு. நானும் வழி முழுக்கக் கான்ல இருந்து வெலகிக்கிட்டே போனேன். வலது பக்கமா ரொம்பத் தள்ளிப் போறோம்னுதான் நெனைச்சேன். சேர் பார்த்துட்டு, இப்பதான்டா சரியான எடத்துல போறேங்கிறாரு."

அவன் மனசு இத்தனை நாளாக இடது பக்கம் செய்த பிழையும், நான் அவன் கைக்குச் சொல்லிக் கொடுத்த பிழையும் எங்கோ வழியில் சந்தித்துக் கழிந்துபோயிருக்கின்றன. வெளியில் இதற்குத் திறமை என்றுதான் பெயர். நான் மறுத்துப் பேசவில்லை.

மாசக் கடைசிக்குள் ஹோட்டலில் சேர்ந்துவிட்டான். அவனுக்குக் கொடுத்தது புத்தம் புது வேன். நாலு கதவு. சேர்ந்த வாரமே போன் எடுத்தான்.

"அக்கா, இந்த வேன் ஸ்டியரிங்கும் நடுங்குது."

"எப்படி நடுங்குது?"

"வெள்ளைக் கோட்டைத் தாண்டினா நடுங்குது. தாண்டலன்னா இல்ல. மத்த டிரைவர்மாரெல்லாம் வேன்ல ஏதோ கோளாறுன்னு பயந்து ஓட்ட மாட்டேன்னுட்டானுங்களாம். ஒருத்தன் பாதி வழியில நிறுத்திட்டு எறங்கியே வந்துட்டானாம். நான் ஏறினேன், நடுங்கிச்சு, வெலகினேன், நின்னிச்சு. அவ்வளவுதான். மேனேஜர் வாயப் பொளந்துட்டாரு."

"டேய், அது புது வண்டிகள்ல கம்பெனிக்காரனே வைக்கிறது. தூங்கிக்கிட்டே ஓட்டினா எழுப்புறதுக்கு."

"அப்படியா? நான் எங்கக்கா செஞ்சதுன்னுல்ல சொல்லிட்டேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"வீட்டுல நீ செஞ்சது இதேதானே. அவரு ரொம்ப சந்தோஷப்பட்டாருக்கா. இப்பப் போய் இல்லேங்காத."

மறுநாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. ஹோட்டல் மேனேஜர்.

"மிஸ், சந்திரனோட அக்காதானே? உங்க சிஸ்டம் போட்ட வேன்ல ஹீட்டர் வேலை செய்யுதில்ல. வெள்ளைக்காரங்க குளிர்ல நடுங்குறாங்க. ஒருக்கா வந்து பார்க்க ஏலுமா? சந்திரன்கிட்ட வேனைக் குடுத்து அப்பவே அனுப்பிட்டோம்."

எனக்கு ஹீட்டர் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் ஹார்ன் கேட்டது. சந்திரன் காய்ந்த முட்டியோடு இறங்கி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

வேனுக்குள் நிஜமாகவே குளிர்தான். கடைசி சீட்டுப் பக்கத்து ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. மூடினேன்.

அந்த ஹோட்டலில் இப்போது எனக்குப் பெயர் இஞ்சினியர் மிஸ்.